விடிய விடிய நடந்த நாடகமும் மூன்று மணி நேரப் படமும்

பேராக் தமிழர் கலை வரலாறு – 14

சென்ற பகுதியில் தோட்டத்துக் காமன் கூத்தைப் பார்த்தோம். மாசி பிறந்ததும் ரதியும் மன்மதனும் லயத்துக்கு லயம் ஆடிவந்த கூத்து அது. அதே தோட்டங்களில் இன்னொரு மேடையும் இருந்தது. மாரியம்மன் திருவிழாவின்போது கோயிலுக்கு எதிரே நாலு கம்பு நட்டு, படுதா கட்டி, ஆர்மோனியப் பெட்டியை ஓரமாக வைத்து 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'நல்லதங்காள்', 'சத்தியவான் சாவித்திரி' என்று ஆடிய நாடக மேடை. இந்த நாடகங்கள் சினிமாவானதையும், சினிமாவான பிறகு பேராக் தோட்டங்களுக்கு வந்து மறுபடியும் நாடகமானதையும் இந்த வாரம் சொல்ல வேண்டும். முதல் மாற்றத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இரண்டாவது மாற்றம் நம்முடையது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

அந்த நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் கட்டிக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நாடகம் பயிற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். சுவாமிகள் 1922இல் மறைந்தாலும் அவருடைய பாடங்கள் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போயின. கப்பலேறி பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன.

ஸ்பெஷல் நாடகத்தின் முறையே தனி. வள்ளி வேடக்காரர் ஓர் ஊர், வேலன் வேடக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. இருவரும் மேடையில்தான் சந்திப்பார்கள். பாடம் இருவருக்கும் மனப்பாடம். ஆனால் தினைப்புனத்தில் நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. கூட்டம் ரசித்தால் ஒருவர் கேள்வி போடுவார், மற்றவர் மடக்குவார். அது ஒரு மணி நேரமும் போகும், இரண்டு மணி நேரமும் போகும். நடுவில் பபூன் வந்து உள்ளூர் விஷயத்தை இழுத்துச் சிரிக்க வைப்பார். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும்போதுதான் மங்களம்.

இதற்கு ஒரு பக்கத்து உறவு பேராக்கிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. அவற்றைப் பார்த்து, அவற்றின் உடைகளையும் திரைகளையும் வாங்கி, பினாங்கில் மாமாக் புஷி என்பவர் 1885இல் தொடங்கியதுதான் மலாய் 'பங்சாவான்' நாடகம். தமிழ்நாட்டில் நம் நாடகக் கம்பெனிகளுக்கு வண்ணத் திரைகளும் காட்சி ஜோடனைகளும் வந்து சேர்ந்த வழியும் அந்தப் பார்சி மேடைதான். ஆக, ஈப்போ ஜூப்லி பார்க்கில் பங்சாவான் பார்த்த மலாய்க்காரரும், தோட்டத்தில் பவளக்கொடி பார்த்த தமிழரும் ஒரே கொடியில் காய்த்த இரண்டு காய்களைத்தான் சுவைத்திருக்கிறார்கள்.

அந்த மேடை சினிமாவுக்கும் தாய். இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' (1931) ஜோசப் டேவிட் எழுதிய பார்சி நாடகத்தை ஒட்டியது. அதே ஆண்டு தமிழில் பேசிய 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கி 1934இல் வெளிவந்த 'லைலா மஜ்னுன்' மலாய்ப் படமும் பங்சாவானில் பலமுறை ஆடிய கதைதான், நடித்தவர்களும் பங்சாவான் கலைஞர்கள்தான். மூன்று மொழிகளிலும் சினிமா பேசத் தொடங்கியபோது நாடகத்தின் வாயைத்தான் கடன் வாங்கியது.

தமிழில் இந்தக் கடன் அப்பட்டமாகத் தெரியும். சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' 1933இல் படமானது. சென்னையில் அப்போது பேசும்பட ஸ்டூடியோ இல்லாததால் கல்கத்தாவுக்குப் போய் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 'பவளக்கொடி'. மேடையில் அர்ச்சுனனாகப் புகழ்பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் பவளக்கொடியாக நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமியும் அப்படியே திரைக்கு வந்தார்கள். ஐம்பது பாட்டு. சென்னை அடையாறில் கூரையில்லாத வெளியில் சூரிய வெளிச்சத்தில் படப்பிடிப்பு. சாப்பாட்டு நேரத்தில் எச்சில் இலைக்குக் கூடும் காக்கைகள் ஒலிப்பதிவில் கரைந்துவிடும் என்பதால், அவற்றை விரட்டவே ஆள் வைத்திருந்தார்கள். மேடை நாடகத்தில் பக்கத்து மரத்துக் காக்கை கரைந்தால் பபூன் அதையும் ஒரு பதிலாக்கிவிடுவார். சினிமாவில் காக்கை எதிரியாகிவிட்டது. நாடகம் படமாகும்போது எது வெளியே தள்ளப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. எதிர்பாராமல் நடப்பது எதுவோ அது தள்ளப்படுகிறது. வள்ளியின் தர்க்கம் ஒரே அளவில், ஒரே சொற்களில், எந்த ஊரில் ஓடினாலும் ஒரே மாதிரி நின்றுவிட்டது.

அதற்காகப் பழைய நாடகத்தை மட்டும் உயர்த்திப் பேச நான் தயாரில்லை. தோட்டத்துக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் படத்தின் அருமை புரியும். பால்மரத்தில் அதிகாலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே கிழக்கு வெளுக்கும் முன்னே பெரட்டுக்குப் போய் நின்றாக வேண்டும். பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. இப்படிப்பட்டவர் எந்த இரவில் விடிய விடிய நாடகம் பார்க்க முடியும்? திருவிழா இரவில்தான். வருஷத்தில் இரண்டோ மூன்றோ. படம் வந்து அந்த இரவை மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. படம் விட்டு வந்து கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டுப் பெரட்டுக்குப் போகலாம். சென்னையில் நாடகத்தை வெட்டியது பிலிம் சுருளின் நீளமும் கொட்டகை முதலாளியின் காட்சி நேரமும். இங்கே அந்த வெட்டு கூலிக்காரரின் தூக்கத்துக்கு உதவியாக அமைந்தது.

1936இல் வந்த 'சதி லீலாவதி' தோட்டத்து ஜனங்களோடு இன்னும் நெருக்கமாகப் பேசிய படம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எஸ்.எஸ். வாசனின் கதை. திரைக்கு எழுதியவர் கந்தசாமி முதலியார். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் புராணத்தை விட்டுச் சமூகக் கதைகளுக்கு வழி திறந்தவர் அவர். எம்.ஜி.ஆருக்கு முதல் படமும் இதுதான். குடிக்கு அடிமையான நாயகன் கொலைப்பழிக்குப் பயந்து இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி ஆடிய 'பதிபக்தி' நாடகத்தின் கதையைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போனது. ஹென்றி வுட் அம்மையாரின் 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவல்தான் இரண்டுக்கும் மூலம் என்று சொன்னதில் வழக்கு நிற்காமல் போயிற்று. பதிபக்தி, சதி லீலாவதி இரண்டும் கள்ளும் சாராயமும் குடும்பத்தைத் தின்னும் கதைகள். அந்தக் காலத்தில் இங்குள்ள தோட்டங்களில் கள்ளுக்கடை ஒரு நிரந்தர ஏற்பாடு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை.

ஆனால் அந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அதில் தோட்டம் என்பது நாயகன் ஓடி ஒளியும் இடம், பிறகு புதையல் கிடைத்துப் பணக்காரனாகத் திரும்பும் இடம். பிறந்து, வளர்ந்து, வேலை செய்து, செத்துப் புதைக்கப்படும் இடமாகத் தோட்டம் அதில் வரவில்லை. இங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் பணத்தோடு ஊர் திரும்பினார்கள்?

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி இந்தப் பகுதியில் அதிகம் சொல்வதற்கில்லை. மேடையும் அடங்கியது, கொட்டகையும் அடங்கியது. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் பல ஆயிரம். அவர்களோடு எத்தனை ராஜபார்ட்டுகளும் ஆர்மோனியக்காரர்களும் போனார்களோ.

போர் முடிந்து மூன்றாவது ஆண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஆங்கிலேயர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் வந்தது. அது முடிந்தது 1960 ஜூலை 31இல். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, சிதறியிருந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்தல். விடிய விடிய நாடகம் போட இனி எந்தத் துரை அனுமதிப்பான்?

அந்த வேலிக்குள் வந்து சேர்ந்தது படவண்டி. 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் அரசாங்கப் பிரசாரத்துக்காக எடுத்த குறும்படங்களை வண்டியில் கொண்டுபோய்த் தோட்டங்களில் காட்டினார்கள். ஷா சகோதரர்கள் போன்ற முதலாளிகள் அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிப் பழகியவர்கள். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணி. முன்பக்கம் இடமில்லாவிட்டால் பின்பக்கம் உட்காரலாம். உருவம் தெரியும், எழுத்து மட்டும் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். ரீல் மாற்றும் இடைவெளியில் கச்சான் விற்பவர் நாலு நடை நடந்துவிடுவார். ஈப்போ, தைப்பிங், தெலுக் ஆன்சன் பட்டணங்களில் கொட்டகை இருந்தது. ஆனால் பீடோர் பக்கத்து உள்தோட்டத்து அம்மாவுக்குச் சினிமா என்றால் இந்தத் துணிதான்.

அந்தத் துணியில் 1950களில் வந்து விழுந்த படங்களைப் பாருங்கள். அண்ணா எழுதி கே.ஆர். ராமசாமி மேடையில் ஆடிய 'வேலைக்காரி' (1949). பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்த 'பராசக்தி' (1952). திருவாரூர் தங்கராசுவின் நாடகமான 'ரத்தக்கண்ணீர்' (1954). சக்தி கிருஷ்ணசாமியின் நாடகமான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959). எல்லாமே மேடையில் வென்று திரைக்கு வந்தவை. இவற்றின் பேச்சைக் கேட்கப் பேராக்கின் காது முன்பே பழகியிருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் தமிழர் மாநாடு நடந்ததை நான்காம் பகுதியில் எழுதியிருக்கிறேன். 1950களில் தமிழர் திருநாள் விழாக்களும், 'தமிழ் முரசு' வளர்த்த மாணவர் மணிமன்றமும் தோட்டத்துப் பிள்ளைகளை மேடை ஏற்றிப் பேச வைத்தன.

இவற்றில் ஒன்றை மட்டும் நின்று பார்ப்போம். 'மனோகரா'.

பம்மல் சம்பந்த முதலியார் 1895இல் எழுதிய நாடகம் அது. 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்குக்காக நடித்த சபை. பாட்டைக் குறைத்து, உரைநடை வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் முடித்தவர் முதலியார். தாசி வசந்தசேனையின் மயக்கத்தில் கிடக்கும் அரசன் புருஷோத்தமன், ஒதுக்கப்பட்ட பட்டத்தரசி பத்மாவதி, தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பொறுத்துக்கொண்டே இருக்கும் மகன் மனோகரன். 1936இல் இது முதல்முறை படமானபோது முதலியாரே அரசனாக நடித்தார். 1954இல் ஜூபிடர் பிக்சர்ஸ் மறுபடி எடுத்தது. இயக்கம் எல்.வி. பிரசாத். மனோகரன் சிவாஜி கணேசன், பத்மாவதி கண்ணாம்பா, வசந்தசேனை டி.ஆர். ராஜகுமாரி. வசனம் மு. கருணாநிதி.

கதை அறுபது வருஷத்துக்கு முந்தியது. பேச்சு புதிது. முதலியாரின் மனோகரன் குடும்பத்துக்குள் கொதித்தவன். கருணாநிதியின் மனோகரன் சபையைப் பார்த்து வழக்காடுகிறான். விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்கும் அரசனைக் கேள்வி கேட்கிறான். சங்கிலியால் பிணைக்கப்பட்டு நின்றவன் தாயின் ஆணை கிடைத்ததும் அறுத்தெறிகிறான். மேடையில் பின்வரிசைக்காரருக்குத் தாயின் குரல் மட்டும் எட்டும். சினிமா கண்ணாம்பாவின் முகத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. அந்த முகத்தில் இத்தனை வருஷம் அடக்கிவைத்த கோபம் மெல்ல ஏறுவதைக் கடைசி வரிசையில் குந்தியிருந்தவரும் பார்த்தார். நாடகத்தைப் படமாக்குவதில் உண்மையான லாபம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். காக்கையை இழந்தோம், கண்ணாம்பாவின் முகத்தைப் பெற்றோம்.

இனி நம் பங்கு. படவண்டி போய்விடும். படம் மறுபடி எப்போது வருமோ தெரியாது. ஆனால் கதை வசனப் புத்தகம் பட்டணத்துக் கடைகளில் கிடைத்தது. சம்பள நாளில் ஈப்போ லகாட் சாலைப் பக்கம் போனவர் மளிகையோடு அதையும் வாங்கி வந்தார். ஒரு புத்தகம், நடிக்கப் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு நோட்டில் தன் வசனத்தை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும், தனக்கு முன்னால் வரும் கடைசிச் சொல்லையும் சேர்த்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாத்தியார் சொல்லிக்கொடுப்பார். பால் வெட்டிக்கொண்டே வசனம் பாடமாகும். அட்டைக் கிரீடம், பலகை வாள், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள் ஒட்டிய மார்க்கவசம். பத்மாவதி வேடத்துக்கு ஒரு பால்வெட்டுக்காரர் மீசையை எடுத்துவிட்டு வருவார். சுகுண விலாச சபையில் முதலியாருக்கு ஜோடியாக ரங்கவடிவேலு முதலியார் பெண் வேடம் கட்டிய வழக்கம், சினிமாவில் கண்ணாம்பா வந்த பிறகு, தோட்டத்தில் மறுபடி உயிர்பெற்றது.

இன்னொன்றும் உயிர்பெற்றது. வசந்தசேனையின் அசட்டு மகன் வசந்தன் வேடம் தோட்டத்துக்கு வந்ததும் பழைய பபூன் ஆகிவிட்டது. புத்தகத்தில் இல்லாத வசனம் அவன் வாயில் வந்தது. கள்ளுக்கடை வரிசை வந்தது, கிராணியின் சைக்கிள் வந்தது, எடை போடும்போது குறையும் பால் வந்தது. முன்வரிசை நாற்காலியில் மாலையோடு தோட்டத்துத் துரை உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதிரே ஒரு தொழிலாளி சங்கிலியோடு நின்று, விசாரிக்காமல் தண்டிக்கலாமா என்று அரசனைப் பார்த்துக் கேட்பார். கேள்வி யாருக்குப் போகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரட்டுக் களத்தில் கேட்க முடியாததை அட்டைக் கிரீடம் கேட்க வைத்தது.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சினிமா நாடகத்தை ஒரே அச்சில் வார்த்து அனுப்பியது. பேராக் தோட்டங்கள் அந்த அச்சை உடைத்து, நாடகத்தை மறுபடி இளக்கி, தங்கள் அளவுக்கு வார்த்துக்கொண்டன. தமிழ்நாட்டில் எம்.ஆர். ராதா 'ரத்தக்கண்ணீர்' மேடையில் அன்றன்றைய செய்தியை நுழைத்துப் பேசியது பெரும் புகழ் பெற்றது. அந்தச் சுதந்திரத்தை இங்கே பேர் தெரியாத பால்வெட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கட்டபொம்மன் வெள்ளைக்காரத் துரையிடம் வரி கேட்காதே என்று வாதாடும் காட்சி தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்களில் தவறாமல் வந்தது. பேசிய பிள்ளைக்குக் கட்டபொம்மன் யாரென்று தெரியாமல் இருக்கலாம், துரை யாரென்று நன்றாகத் தெரியும்.

இந்த மேடை எப்படிப் போனது என்று கேட்டால், டி.வி. வந்து கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். மேடையைத் தாங்கிய தரையே போய்விட்டது. 1950களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். பிறகு ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் இருந்தவர்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் இன்னும் தூரத்து ஊர்களுக்கும் போனார்கள். மனோகரனும் பத்மாவதியும் வசந்தனும் ஆளுக்கு ஒரு பட்டணத்தில். மூவரும் ஒரு மேடையில் நிற்க இனி வழியில்லை.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்கள் பின்னால் தோட்டத்துக்குத் திரும்பி வந்தன. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்டத்தில் பிறந்து மேல்படிப்புக்கு ஏங்கும் சாந்தாவின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டம் கலைந்த பிறகு அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போய் விழுந்தார்கள் என்று சொன்னது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டும் நேரே சினிமாவுக்கென்று எழுதப்பட்ட கதைகள், நல்ல படங்கள். ஆனால் அட்டைக் கிரீடம் கட்டிய அந்த மனோகரன் இன்னும் திரைக்கு வரவில்லை. பால்வெட்டுக்காரர் தன் பாடத்தைச் சொல்லிக்கொண்டே மரத்துக்கு மரம் போவது ஒரு முழுப் படத்துக்கான காட்சி. இளம் இயக்குநர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் தாத்தாவிடம் ஒருநாள் உட்காருங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மேடைகளில் நின்றவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். வீடு மாறும்போதும், பெரியவர்கள் மறைந்த பிறகும் பழைய இரும்புப் பெட்டிகளைக் குப்பைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் வசனம் எழுதிய நோட்டு இருக்கலாம், நாடக நோட்டீஸ் இருக்கலாம், வேடத்தோடு எடுத்த ஒரு போட்டோ இருக்கலாம். நடித்தவர் உயிரோடிருந்தால் அவர் வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் யார் கூட நடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிரதி ஒன்றை இந்தத் தொடருக்கும் அனுப்புங்கள். வந்து சேர்வதைத் தோட்டத்தின் பெயரோடு வரும் பகுதிகளில் வெளியிடுகிறேன்.